வயருக்குள்ள ஏறுன கடல்: வயர்மேன் கேள்வி பதில்

இந்த மாசம் கேள்விகள்ல ஒண்ணு பாய்மரப் படகு வயரிங் பத்தி. மதுரைல இருந்து அப்பிடி ஒரு கேள்வி வரும்னு நான் நெனைக்கவே இல்ல, அதுனால அதுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதிட்டேன். போன வாரம் கைல இருந்த மத்த கடுதாசிலயும் களிம்பு, பச்சை, நீலம்னு அதே சங்கதியா இருந்தத பொறுக்கி எடுத்து இதோட சேத்திருக்கேன். மிக்ஸி, கிரைண்டர் கேள்வி அனுப்புனவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க மூணு பேரு சேந்து 22 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒண்ண செகண்ட் ஹேண்டுல வாங்கி மண்டபத்துல நிப்பாட்டி வச்சிருக்கோம். சனிக்கிழம விடியக்காலம் இங்கிட்டு இருந்து கெளம்பிப் போவோம், ஞாயித்துக்கிழம ராத்திரி திரும்பிருவோம். பாய், கயிறு எல்லாம் நல்லாருக்கு, வயரிங் தான் உயிர எடுக்குது. பாய் கட்டுற மரத்தோட உச்சில இருக்கிற லைட்டு மங்கலா எரியுது, மூணு பல்பு மாத்தியாச்சு. பல்ப கழட்டிட்டு மீட்டர் வச்சா 12.5 வோல்ட்டு காட்டுது, பல்ப மாட்டுனா பழையபடி மங்கல். படகுக்கு அடியில தேங்குற தண்ணிய எறைக்கிற பம்பு ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் முனங்குது. வயர் முனைய சீவிப் பாத்தா செம்பு கருப்பா இருக்கு. முழுசா மாத்தணுமா, இல்ல முனைய மட்டும் வெட்டி மாட்டுனா போதுமா? — திருநகர் வாசகர்

பதில்: அந்த 12.5ஐ நம்பித்தான் மூணு பல்பு காசு போயிருக்கு. மீட்டர் இழுக்கிற கரண்டு இம்புட்டூண்டு, அதுக்கு வயர்ல ஒரே ஒரு இழை உசுரோட இருந்தாலே போதும், முழு வோல்ட்டையும் காட்டிரும். உங்க வீட்டுல மாடி டேங்க்ல இருந்து வர்ற பைப்புல உப்பு படிஞ்சு அடச்சுக்கிட்டா என்ன ஆகும், குழாய மூடி வச்சிருக்கிற வரைக்கும் ப்ரஷர் நல்லாத்தான் இருக்கும், திறந்தா நூல் மாதிரி வரும்ல, அதே கதை தான். அதுனால லைட்ட எரிய விட்டுட்டு அளங்க. மீட்டரோட ஒரு முள்ள பேட்டரி ப்ளஸ்லயும் இன்னொரு முள்ள லைட்டோட ப்ளஸ்லயும் வச்சா நடுவுல எம்புட்டு வோல்ட்டு காணாமப் போகுதுன்னு நேராவே காட்டும், மரத்து உச்சிக்கு முள்ளு எட்டாது, நீளமா ஒரு வயர மீட்டரோட சேத்துக்கட்டி மேல கொண்டு போங்க. அப்பறம் ஒவ்வொரு ஜாயின்டுக்கும் அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு வச்சுப் பாருங்க. நல்ல ஜாயின்டுல ஒண்ணும் காட்டாது, கெட்ட ஜாயின்டு தன்னால காட்டிக் குடுத்துரும். மைனஸ் பக்கமும் இதையே செய்யணும், முக்காவாசிப் பேரு ப்ளஸ மட்டும் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க.

எம்புட்டு போனா பரவாயில்லன்னு கேப்பீங்க. படகு வயரிங்குக்கு அமெரிக்காக்காரங்க வச்சிருக்கிற கணக்கு ஒண்ணு இருக்கு, ராத்திரி அடையாள விளக்கு மாதிரி முக்கியமான லைனுக்கு 3 சதவீதம், உள்ள எரியிற லைட்டு மாதிரி இருந்தா 10 சதவீதம். 12 வோல்ட்டுல 3 சதவீதம்னா 0.36 வோல்ட்டு தான், அம்புட்டுத்தேன். உங்க பம்ப நான் முக்கியமான லைன்ல தான் சேப்பேன். பம்பு 5 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, நடுவுல ஒரு களிம்பு ஏறுன ஜாயின்டு 0.4 ஓம் ரெசிஸ்டன்ஸோட உக்காந்திருந்தா அங்கயே 2 வோல்ட்டு போச்சு, பம்பு முனங்கத்தான் செய்யும். அதவிட மோசம், அந்த 2 வோல்ட்டும் 5 ஆம்பியரும் சேந்து 10 வாட்டு சூடா அந்த ஒரே எடத்துல எறங்குது, சின்ன சால்டரிங் அயர்ன ஆன் பண்ணி ஃபைபருக்குப் பக்கத்துல சொருகி வச்ச மாதிரி. நடுக்கடல்ல தீ புடிச்சா எங்கிட்டு ஓடுறது? பேட்டரிக்குப் பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃப்யூஸ் இருக்கான்னு பாத்துக்கங்க. ஆனா ஒண்ணு, இந்த மாதிரி ஜாயின்டு சூட்டுக்கு ஃப்யூஸ் போகவே போகாது, ஏன்னா கரண்டு கூடல, கொறஞ்சு தான் இருக்கு.

இப்ப அந்தக் கருப்பு. விளக்குத் திரி எண்ணெய எப்பிடி மேல இழுக்குது, அது மாதிரி தான் நூலு நூலா இருக்கிற செம்பு இழைங்க தண்ணிய இழுக்கும். முனைல ஒரு சொட்டு கடல்தண்ணி பட்டாப் போதும், இன்சுலேஷனுக்குள்ளயே ஏறி அடிக்கணக்குல உள்ள போயிரும். தண்ணி காஞ்சிரும், உப்பு காயாது. கடல் தண்ணில லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனாலே சாதா உப்பு தன்னால ஈரத்த உறிஞ்சி கசியும், மழைக்காலத்துல அடுப்படி உப்பு ஜாடி கசியிற மாதிரி, மண்டபத்துல கடலோரத்துல ராத்திரிக்கு ராத்திரி இது நடக்கும். நீங்க மதுரைல தூங்கிக்கிட்டு இருக்கிற அஞ்சு நாளும் உங்க வயரு அங்க தின்னுக்கிட்டு இருக்கு. வெளிய பாத்தா சிவப்பு இன்சுலேஷன் புத்தம் புதுசா மினுங்கும்.

அதுனால முனைய வெட்டி மாட்டுனா போதுமாங்கிறதுக்கு நான் ஒரு வழி சொல்றேன். ஒரு சாண் ஒரு சாணா வெட்டிக்கிட்டே போங்க, புதுசா விளக்குன செம்பு மாதிரி பளிச்சுன்னு தெரியணும், தெரிஞ்ச எடத்துல நிப்பாட்டுங்க. ரெண்டு சாணுக்கு மேலயும் கருப்பாவே வந்தா அந்த வயரையே தூக்கி எறிங்க. உங்க படகு 22 அடி தானே, மொத்த வயரையும் சேத்தா எம்புட்டு வந்துரும், நானா இருந்தா யோசிக்காம மொத்தத்தையும் மாத்திருவேன். மரத்துக்குள்ள போற வயர உருவும்போது மட்டும் புத்தியோட செய்யணும், பழைய வயரோட வால்ல புது வயரையும் ஒரு நைலான் கயிறையும் சேத்துக் கட்டி இழுங்க, புது வயர் உள்ள போயிரும், கயிறு அடுத்த தடவைக்கு அங்கயே கெடக்கட்டும். கயிறு கட்டாம பழசை உருவிட்டு மரத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னவங்கள நான் பாத்திருக்கேன்.

புது வயர் எதுன்னா, வெள்ளீயம் பூசுன செம்பு வயர். இழை ஒவ்வொண்ணும் வெள்ளையா இருக்கும். நம்ம வீட்டுல பித்தளப் பாத்திரத்துக்கு எதுக்கு ஈயம் பூசுனாங்க, பூச்சு போன பாத்திரத்துல புளிக்கொழம்பு வச்சா களிம்பு ஏறி நாக்கு கசக்கும்ல, இதுவும் அதே வைத்தியம் தான். "அண்ணே ஈயம் பூசுனது வெல கூட, வீட்டு வயரே ரெண்டு காயில் மிச்சம் கெடக்கு"ன்னு சொல்லாதீங்க. ஒத்தக் கம்பி வயர் படகு ஆடுற ஆட்டத்துல ஒடிஞ்சு போகும், பல இழை வீட்டு வயரும் வெறும் செம்பு தான், ரெண்டு மூணு வருசத்துல திரும்பக் கருக்கும். தடிமனும் பாருங்க, மரத்து உச்சில 25 வாட் பல்புன்னா 2 ஆம்பியர், போக வர 30 மீட்டர்னா 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்ல வயரே முக்கா வோல்ட்ட முழுங்கிரும், களிம்பே இல்லாட்டியும். எல்.இ.டி. போட்டுட்டா இந்தக் கணக்கே வேணாம், அது இழுக்கிறது கொஞ்சம் தான்.

மரம் வந்து உக்கார்ற எடத்துல, மேல்தளத்துல, ஒரு ப்ளக் இருக்கும் பாருங்க, அங்க தான் பாதிச் சனியன். அலையும் மழையும் நேரா அதுல தான் விழும். முடிஞ்சா அந்த ஜாயின்ட எடுத்துட்டு வயர நேரா உள்ள எறக்கி கேபினுக்குள்ள, காஞ்ச எடத்துல சேருங்க. உள்ள வர்ற எடத்துக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, ஈ.பி. போஸ்ட்ல இருந்து நம்ம வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர் சுவத்துக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி கீழ வளைஞ்சு நுழையும்ல, தண்ணி அந்த வளைவுல சொட்டிரும், உள்ள வராது. ஓட்டைய அடைக்க சிலிகான் வாங்குனா மூக்குல வச்சுப் பாருங்க, வினிகர் வாடை அடிச்சா அது வேணாம், அந்த வாடை தான் அசிட்டிக் ஆசிட், செம்பத் தின்னும். வாடை இல்லாத நியூட்ரல்னு போட்டிருக்கிறது கெடைக்கும். நல்லா அடைக்கணும்னு டப்பா டப்பாவா அந்த வினிகர் சிலிகான ஊத்தி அதுக்குள்ளயே வயர சமாதி பண்ணி வச்சிருந்த படகு ஒண்ணுக்கு நான் போயிருக்கேன், அடச்சவரு ரொம்பப் பெருமையா காட்டுனாரு, நான் என்னத்தச் சொல்ல.

கேள்வி: மதுரைல உக்காந்துக்கிட்டு படகு வயரிங் பத்தி உங்களுக்கு என்ன ஓய் தெரியும்? வைகைல படகு ஓடுதா, தெப்பக்குளத்துல ஓடுதா? — ஆனையூர் வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. வண்டியூர் தெப்பக்குளத்துல தைத் தெப்பம் ஓடுறப்ப கூட அதுக்கு கரைல இருந்து வடம் பிடிச்சு இழுக்குறது தான், பாயும் இல்ல பம்பும் இல்ல.

ஆனா நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைக்கிறதுக்கு முன்னாடி தூத்துக்குடில ஆறு வருசம் விசைப்படகு வயரிங் பாத்தவன். முதல் வருசத்துலயே நல்லா அனுபவிச்சேன். ஒரு படகுல முன்பக்க லைட்டு ஜாயின்ட முறுக்கி, கருப்பு டேப்ப பத்து சுத்து சுத்தி, சூப்பரா இருக்குன்னு நானே மெச்சிக்கிட்டு காச வாங்கிட்டு எறங்கிட்டேன். ரெண்டு மாசத்துல ராத்திரி லைட்டு செத்துருச்சு, எதிர்ல வந்த படகு கிட்டத்துல வந்து தான் பாத்து ஒதுங்குச்சாம். மறுநாள் டேப்ப உரிச்சா உள்ள பசையும் தண்ணியும் பச்சையும் கலந்து களி மாதிரி இருக்கு. டேப்பு வெளித்தண்ணிய தடுக்கல, உள்ள போன தண்ணி வெளிய வராம மட்டும் நல்லா புடிச்சு வச்சிருந்துச்சு. படகுக்காரரு ஒரு வார்த்த திட்டல, அந்த உரிச்ச டேப்ப எங்கைல குடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னைல இருந்து கடல் பக்கம் நான் டேப்ப தொடுறது வயர்கள ஒண்ணா கட்டி வைக்க மட்டும் தான்.

இன்னொண்ணும் சொல்றேன், நம்ம மதுரையச் சுத்தித்தான் இந்த விசயமே இருக்கு. காரைக்குடில சிக்ரி இருக்குல்ல, அழகப்பச் செட்டியார் நெலமும் பணமும் குடுத்து 1948ல அடிக்கல் போட்டு 1953ல தெறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அவங்க உலோகம் எப்பிடி அரிக்குதுன்னு பாக்கறதுக்கே மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்காங்க. வேற எடமா இல்ல, அந்தக் காத்துல இரும்ப வச்சா அம்புட்டு சீக்கிரம் அரிக்கும்னு தானே அங்க போயி வச்சாங்க. 1914ல தெறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு நூறு வருசமா பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்துருச்சு. பாலத்துக்கே அந்தக் கதின்னா முடி மாதிரி இருக்கிற செம்பு இழை எம்மாத்திரம்.

கேள்வி: ஐயா, எங்க வீட்டுக்காரரு கடற்கரைப் பக்கம் வேல பாக்குறாரு, அவரு ஸ்கூட்டர் வயரு முனை பச்சையா இருந்துச்சு. நான் குத்துவிளக்கு வெளக்குற மாதிரி புளி போட்டு உப்பு போட்டு தேச்சுக் குடுத்தேன், தங்கம் மாதிரி ஆயிருச்சு. ஆனா ஒரே மாசத்துல முன்னவிட மோசமா பச்ச புடிச்சுருச்சு. புளி சரியில்லையா? — செல்லூர் வாசகி

பதில்: புளி நல்ல புளி தாம்மா. வேலையும் சரியாத்தான் செஞ்சிருக்கு. புளில இருக்கிற ஆசிட் களிம்ப கரைக்கும், உப்பு சேந்தா இன்னும் வேகமா கரைக்கும், அதுனால தான் குத்துவிளக்கு மினுங்குது. ஆனா குத்துவிளக்க வெளக்கிட்டு என்ன செய்வீங்க, குழாயடில நல்லா அலசி, துணியால தொடச்சு, வெயில்ல வைப்பீங்க. வயர அப்பிடி அலச முடியாதே, இழைக்கும் இழைக்கும் நடுவுல புளித்தண்ணியும் உப்பும் போய் உக்காந்துருச்சு, அப்பறம் நீங்களே அதுக்குள்ள ஒரு சின்ன கடல உண்டாக்கி மூடி வச்ச மாதிரி தான்.

தட்டையான பித்தள டெர்மினல், வயர் முனைல மாட்டுற லக், பேட்டரி கிளிப்பு இதுக்கெல்லாம் புளியோ எலுமிச்சையோ வினிகரோ தாராளமா போடலாம், கழட்டி எடுத்து தேச்சுட்டு, ஆப்ப சோடா கரைச்ச தண்ணில ஒரு முக்கு, அப்பறம் நல்ல தண்ணில ரெண்டு அலசு, எலும்பு மாதிரி காயவச்சு மாட்டணும். நல்ல தண்ணின்னு நான் சொல்றது உங்க தெரு போர் தண்ணிய இல்லம்மா, அதுவே பாதி உப்பு, குடிக்கிற தண்ணிய எடுங்க. நூலு நூலா இருக்கிற வயருக்கு மட்டும் தேய்ப்பே கெடையாது, வெட்டு தான்.

சைவ சித்தாந்தத்துல ஆணவத்துக்கு செம்புல இருக்கிற களிம்ப உவமையா சொல்வாங்க, கூடவே பொறந்தது, வெளிய இருந்து வந்து ஒட்டுனதில்லைம்பாங்க. எங்கப்பா அடிக்கடி சொல்லுவாரு. மதுரைல இருக்கிற செம்புக்கு அது பொருந்தலாம், மண்டபத்துச் செம்புக்கு களிம்பு கடல்ல இருந்து தான் வருது, நான் கண்ணால பாத்திருக்கேன்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம். அது என்ன எப்பவும் ப்ளஸ் வயர் மட்டும் சீக்கிரம் அரிச்சுப் போகுது, மைனஸ் நல்லாருக்கு? ரெண்டும் ஒரே செம்பு தானே, ஒரே தண்ணில தான கெடக்கு? — ஒத்தக்கடை மாணவர்

பதில்: தம்பி, நல்லா கவனிச்சிருக்க. இத சொல்றதவிட செஞ்சு பாத்துரு. ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கலக்கு. 9 வோல்ட் சின்ன பேட்டரியோட ரெண்டு பக்கமும் ரெண்டு செம்பு வயர மாட்டி முனைய தண்ணில விடு, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. ஜன்னல தெறந்து வச்சுக்க. மைனஸ் முனைல பொடிப்பொடியா குமிழி வரும், அது ஹைட்ரஜன், அந்தச் செம்புக்கு ஒண்ணும் ஆகாது. ப்ளஸ் முனைய சுத்தி தண்ணி கலங்கும், மஞ்சளா பச்சையா கசடு எறங்கும், கொஞ்ச நேரத்துல எடுத்துப் பாத்தா ப்ளஸ் வயர் பென்சில் சீவுன மாதிரி மெலிஞ்சிருக்கும். ப்ளஸ்ல இருக்கிற செம்பு அணு எலக்ட்ரான விட்டுட்டு அயனா தண்ணிக்குள்ள போயிருது, அதாவது முலாம் பூசுற பட்டறைல வேணும்னு செய்யிற வேலைய படகுக்கு அடியில வேணாம்னாலும் செய்யுது.

படகுல இத எங்க பாப்பேன்னா, அடித்தண்ணி பம்புக்குப் போற வயர்ல. தண்ணி ஏறுனா தன்னால ஓடட்டும்னு மிதவை சுவிட்ச் ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுக்கு எப்பவும் ப்ளஸ் போய்க்கிட்டே இருக்கும், படகுல ஆளு இல்லாதப்பயும். அந்த ஜாயின்டு தண்ணில முங்குச்சுன்னா உன் டம்ளர் சோதனை தான் அங்க ராத்திரி பகலா நடக்குது. வெறும் களிம்பு வருசக்கணக்குல செய்யிறத இது நாள் கணக்குல செஞ்சுரும். நான் பாத்த ஒரு படகுல ப்ளஸ் வயரோட செம்பு சுத்தமா கரைஞ்சு இன்சுலேஷன் மட்டும் காலிக் குழாயா தொங்குச்சு.

திருநகர்க்காரரு இத படிப்பாருல்ல, அவருக்கும் சேத்துச் சொல்றேன். பம்பு ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓடலன்னா மொதல்ல இந்த எடத்தத்தான் பாக்கணும். பம்பு வயர தண்ணி எட்டாத ஒசரத்துக்கு இழுத்து அங்க தான் சேக்கணும். பம்போட வர்ற வயரு நீளம் பத்தலன்னா பம்ப வாங்கும்போதே நீளமா வர்றதா பாத்து வாங்குறது உத்தமம்.

கேள்வி: நானும் வயர்மேன் தான், முப்பது வருசம். வயர் முனைய லக்குக்குள்ள விட்டு அழுத்தி நசுக்குற கிரிம்ப் எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து. ஈயத்த உருக்கி நல்லா சால்டர் வச்சா காத்து கூட உள்ள போகாது. ஏன் எல்லாரும் சால்டர் வேணாங்கிறீங்க? — ஜெய்ஹிந்த்புரம் வாசகர்

பதில்: அண்ணே, உங்க கைக்கு ஒரு கும்பிடு, ரேடியோ போர்டுன்னா நானும் சால்டர் தான். வண்டி, படகு மாதிரி ஆடுற சாமானுக்குத்தான் தகராறு. சால்டர் ஈயம் இழைக்குள்ள ஏறி கொஞ்ச தூரம் வயர கம்பி மாதிரி வெறச்சுப் போக வச்சிரும், அந்த வெறப்பு முடியிற எடமும் வயர் வளையிற எடமும் ஒண்ணா இருக்கும், ஆட ஆட அங்கயே ஒடியும். பாக்க ஜாயின்டு நல்லாத்தான் இருக்கும், அதுக்கு அரை இஞ்சு தள்ளி ஒடிஞ்சிருக்கும். அமெரிக்கப் படகு ஸ்டாண்டர்டுலயும், வயர புடிச்சு வைக்கிறதுக்கு சால்டர மட்டும் நம்பக்கூடாதுன்னு தான் வச்சிருக்காங்க, சால்டரே கூடாதுன்னு சொல்லல.

ரெண்டாவது அந்த டப்பா பேஸ்ட். தகர வேலைக்கு வர்ற ஆசிட் பேஸ்ட்ட தொட்டு சால்டர் வச்சா அது உள்ளயே தங்கி, கடலுக்கு முன்னாடி அது அரிக்க ஆரம்பிச்சிரும். பிசின்ல செஞ்ச ரோசின் பேஸ்ட்டுன்னா பரவாயில்ல.

கிரிம்ப்ப ஏமாத்துன்னு நீங்க சொல்றதுக்கும் காரணம் இருக்கு, ஏன்னா நம்மாளுங்க கட்டிங் பிளேயர வச்சு லக்க நசுக்கிட்டு அதுக்கு கிரிம்ப்னு பேரு வச்சிருக்காங்க. சரியான தாடை இருக்கிற ராட்செட் டூல்ல, வயர் சைஸுக்கு ஏத்த லக்க போட்டு, முழுசா அழுத்துற வரைக்கும் கைப்பிடி விடாது பாருங்க, அப்பிடி அழுத்தி, அப்பறம் ரெண்டு கையாலயும் நல்லா இழுத்துப் பாக்கணும். உருவிக்கிட்டு வந்துச்சுன்னா இங்கயே வரட்டும். அது மேல, சூடு காட்டுனா சுருங்கி இறுக்கிக்கிற, உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். சாதா ட்யூப் சுருங்கும், ஒட்டாது. பசை ட்யூப சூடு காட்டுனா ரெண்டு ஓரத்துலயும் பசை லேசா பிதுங்கி வரும், அது வந்தாத்தான் அடச்சிருக்குன்னு அர்த்தம். லக்குக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவுல தெரியிற அந்தக் கொஞ்சூண்டு செம்பு வழியாத்தான் தண்ணி உள்ள ஏறுது, அத மூடிட்டா திரி அணைஞ்ச மாதிரி.

உங்களுக்கு மனசு கேக்கலன்னா கிரிம்ப் பண்ணிட்டு அது மேல ஒரு பொட்டு சால்டர் வச்சுக்கங்க. நான் சண்டைக்கு வரல.

கேள்வி: படகுக்கு அடியில துத்தநாகக் கட்டி ஒண்ணு மாட்டுனா அரிப்பு எல்லாத்தையும் அது தாங்கிக்கிரும்னு சொல்றாங்களே, வயரையும் காப்பாத்துமா? — பசுமலை வாசகர்

பதில்: காப்பாத்தாது. அந்தக் கட்டி, தன்னோட ஒரே தண்ணில முங்கி தன்னோட மின்தொடர்புல இருக்கிற உலோகத்துக்குத்தான் பலி ஆடு, படகத் தள்ளுற காத்தாடி, அதச் சுத்துற தண்டு, அதுங்களுக்கு. கேபினுக்குள்ள ஓடுற வயருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கேள்வி: எங்க வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி முனைல நீலமா பொடி பூத்திருக்கு. இங்க கடலும் இல்ல ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுல டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடிச்சா போயிரும்கிறாங்க. — திருமங்கலம் வாசகி

பதில்: அது உப்பு இல்லம்மா, பேட்டரி ஆசிட் ஆவியா வந்து செம்புல பட்டா வர்றது. கந்தக அமிலமும் செம்பும் சேந்தா காப்பர் சல்பேட், அதாவது நாட்டு மருந்துக்கடைல மயில்துத்தம்னு விப்பாங்களே அதே சரக்கு. வெள்ளையா இருந்தா பெரும்பாலும் ஈயத்துல வந்தது. வெறும் கையால தொடாதீங்க, கண்ணத் தேய்க்காதீங்க.

இன்வர்ட்டர ஆஃப் பண்ணிட்டு, மொதல்ல மைனஸ், அப்பறம் ப்ளஸ் கழட்டி, ஆப்ப சோடா தண்ணிய பழைய பல் பிரஷ்ல தொட்டு தேய்ங்க, நுரைச்சுக்கிட்டு வரும், நுரை நிக்கிற வரைக்கும் தேச்சு, ஈரத்துணியால தொடச்சுக் காயவிடுங்க. சோடாத் தண்ணி பேட்டரி மூடிக்குள்ள போயிறக்கூடாது. மாட்டும்போது மொதல்ல ப்ளஸ். நல்லா முறுக்கி முடிச்சதுக்கு அப்பறம் மேலாப்புல வாசலின் தடவுங்க. டபிள்யூ.டி.40 தண்ணிய வெரட்டும், துருப்புடிச்ச போல்ட்டக் கழட்ட உதவும், ஆனா மெல்லிசா இருக்கிறதால பூசுனது நெலச்சு நிக்காது. அடிக்கடி பூத்துச்சுன்னா இன்வர்ட்டர் ஓவர் சார்ஜ் பண்ணுதான்னு ஆள வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: நம்ம தோட்டத்து போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளயும் இதே மாதிரி பச்ச. நானே சுரண்டி விடலாமா? — உசிலம்பட்டி வாசகர்

பதில்: வேணாம்ணே. இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாம் 12 வோல்ட்டு வெளையாட்டு. உங்க பெட்டிக்குள்ள ஓடுறது த்ரீ ஃபேஸ், 415 வோல்ட்டு. மெயின ஆஃப் பண்ணி, ஃப்யூஸ் கேரியர உருவி மடில வச்சுக்கிட்டு, லைசென்ஸ் உள்ள ஆளக் கூப்பிடுங்க. கரைல இருந்து படகுக்கு 230 வோல்ட்டு கரண்டு இழுக்கிறவங்களுக்கும் இதே பதில் தான், அங்க கரண்டு கசிஞ்சா தன்னால ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாம ஒரு பல்பு கூட போடக்கூடாது.

கேள்வி: அண்ணே, திருநகர்ல இருந்து திரும்பவும் நான் தான். போன்ல நீங்க சொன்னபடி லைட்ட எரியவிட்டு அளந்தேன், ப்ளஸ்ல 0.3 தான் போகுது, மைனஸ்ல 2.6 வோல்ட்டு போகுது! மொத்தத்தையும் மாத்துறதுன்னு மூணு பேரும் முடிவு பண்ணிட்டோம். எந்த மாசம் செய்யிறது, என்னென்ன வாங்கிட்டுப் போறது?

பதில்: சொன்னேன்ல, மைனஸ்னு. அந்த ஒத்த வயரால மூணு பல்ப சந்தேகப்பட்டிருக்கீங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கெழக்குக் கடற்கரைல விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். எல்லா விசைப்படகும் கரைல ஏறி வேலைக்கு நிக்கும், அப்ப மண்டபத்துல ஒரு வயர்மேனும் உங்களுக்கு சிக்க மாட்டான். சித்திரைத் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நேரத்துல தான் வரும், அழகர் ஆத்துல எறங்குறத விட்டுட்டு நீங்க மூணு பேரும் வயர் உருவப் போவீங்கன்னு நான் நம்பல. ஐப்பசி கார்த்திகைல மழை, ஹீட் ஷ்ரிங்க்குக்குள்ள ஈரத்தையும் சேத்து அடச்சிருவீங்க. அதுனால மாசி, பங்குனி. பிப்ரவரி பாதிக்கு மேல வெயில் ஏறுனதும் போங்க, காலைல பனி ஈரம் போகட்டும், பத்து மணிக்கு மேல ஜாயின்டு வேலைய ஆரம்பிங்க.

வயரு, லக்கு, பசை ட்யூபு எல்லாத்தையும் இங்கயே வாங்கி, லக்க தனியா மூடி இருக்கிற டப்பால போட்டு கொண்டு போங்க, அங்க தெறந்து வச்சா வேலை முடியிறதுக்குள்ள அதுவே மங்கிரும். வெள்ளீயம் பூசுனதுன்னு கடைல சொன்னா நம்பிராதீங்க, முனைய சீவிக் காட்டச் சொல்லுங்க, வெள்ளையா இருக்கணும், பிளேடால லேசா சுரண்டுனா அடியில செவப்பு தெரியணும், சுரண்டியும் உள்ள வரைக்கும் வெள்ளையாவே இருந்தா அது அலுமினியம், திருப்பிக் குடுத்துருங்க. ராட்செட் டூல மூணு பேரும் சேந்து வாங்குங்க, வாடகைக்கு அலையாதீங்க. கை தொடைக்கவும் லக்க தொடைக்கவும் ரெண்டு கேன் குடிதண்ணி தனியா, வேர்வையும் உப்பு தான். ஒவ்வொரு வயரோட ரெண்டு முனைலயும் எது எதுக்குப் போகுதுன்னு எழுதி ஒட்டி, அதையே ஒரு நோட்டுலயும் வரைஞ்சு வச்சுக்கங்க.

பழைய வயர தூக்கிப் போடாம எனக்கு ஒரு முழம் கொண்டாங்க, ஒத்தக்கடை தம்பிக்குக் குடுக்கணும்.